மூலையில் நிற்கும் செயற்கைக் கால்: ஒரு படைவீரரின் மனைவிக்குப் பதில்

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தார். காஷ்மீரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அருகே ரோந்து போனபோது கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்துவிட்டார். புனேயில் செயற்கைக் கால் பொருத்திப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே நன்றாக நடந்ததை நானே பார்த்தேன். உடல்தகுதியைப் பரிசோதிக்கும் மெடிக்கல் போர்டின் முடிவால் பணியிலிருந்து வெளியே வந்து ஊருக்குத் திரும்பி ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகிறது. வந்த புதிதில் ஊரே சால்வை போர்த்தியது. இப்போது அந்தக் கால் பீரோவுக்குப் பக்கத்து மூலையில் நிற்கிறது. ஊன்றுகோலோடு வீட்டுக்குள் மட்டும் நடமாடுகிறார். இல்லாத பாதம் எரிகிறது என்று இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். கேன்டீனில் வாங்கும் பாட்டிலைத் தேடுகிறார். என் மாமியார் தண்ணீர்ச் சொம்பு முதல் எல்லாவற்றையும் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஆறு வயது மகள் அவர் அருகே போகத் தயங்குகிறாள். என் அண்ணன், வந்த பணத்தில் உடனே கடை போடச் சொல்கிறார். இரண்டு ஏக்கர் நிலமும் இருக்கிறது. அவருக்கு மனம் விட்டுப்போய்விட்டது. நான் என்ன செய்ய வேண்டும்?
(ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

புனேயில் அவர் நன்றாக நடந்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். இங்கே அந்தக் கால் மூலையில் நிற்பதையும் தினமும் பார்க்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் அவருடைய மனம்தான் விட்டுப்போயிற்று என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டீர்கள். அதுவும் இருக்கலாம், நேரில் பார்க்காமல் நான் மறுத்துச் சொல்ல முடியாது. ஆனால் மறுவாழ்வு மருத்துவத்தில் உறுப்பிழந்தவர்களையே பல காலமாகப் பார்த்துவரும் எனக்கு, நன்றாக நடந்த ஒருவர் சில மாதங்களில் காலைக் கழற்றி வைத்துவிட்டார் என்று கேட்டதும் முதலில் சந்தேகம் எழுவது அவருடைய மனத்தின் மீதல்ல, அந்தக் காலின் சாக்கெட் மீதுதான். இந்த வரிசை முக்கியம். ஒவ்வோர் அடிக்கும் வலி குத்துகிற ஒருவரிடம் தைரியமாக இருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், தன் வலியை இந்த வீட்டில் யாரும் நம்பவில்லை என்ற முடிவுக்குத்தான் அவர் வருவார். ராணுவத்தில் பழகியவர் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். கழற்றி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்.

சாக்கெட் என்பது எஞ்சியிருக்கும் காலை உள்ளே வாங்கிக்கொள்ளும் கிண்ணம் போன்ற பகுதி. அறுவைக்குப் பிறகு முதல் ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு வரையில் எஞ்சிய காலின் பருமன் குறைந்துகொண்டே வரும். வீக்கம் வடியும், பயன்பாடில்லாத தசை மெலியும். புனேயில் அளவெடுத்தபோது இருந்த கால் இன்று அவரிடம் இல்லை. சாக்கெட் மட்டும் அன்றைய அளவிலேயே இருக்கிறது. உடல் எடையைத் தாங்க வேண்டிய இடம் முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரும் காலின் பக்கவாட்டுத் தசைகளும்தான். கால் மெலிந்ததும் அது சாக்கெட்டுக்குள் ஆழமாக இறங்கிவிடுகிறது. அப்போது வெட்டுண்ட எலும்பின் நுனி அடியில் போய் இடிக்கும். முன்புற எலும்பின் விளிம்பும், வெளிப்பக்கம் மேலே முண்டாகத் தெரியும் சிற்றெலும்பின் தலையும் உரசும். அந்த இடங்களில் எடையைத் தாங்கிக்கொண்டு எவராலும் நடக்க முடியாது.

இதை வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். அவர் சம்மதித்தால், காலை மாட்டிப் பத்து நிமிடம் நடந்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். தோலில் எங்கெல்லாம் சிவந்திருக்கிறது என்று பாருங்கள். பத்து நிமிடத்தில் மறைந்துவிடும் சிவப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். மறையாமல் நிற்கும் சிவப்பு, கொப்புளம், நுனியில் கறுத்துத் தடித்த தோல் ஆகியவை இருந்தால் அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். சாக்கெட் செய்யும் நிபுணர்கள் அடியில் களிமண் உருண்டை ஒன்றைச் சிறிதாக வைத்து, கால் மாட்டி நிற்கச் சொல்லி, பிறகு எடுத்துப் பார்ப்பது வழக்கம். உருண்டை முழுக்கத் தட்டையாகிவிட்டால் எலும்பு நுனி அடியில் இடிக்கிறது என்று பொருள். உருவம் கொஞ்சமும் மாறாமல் வந்தால் அடியில் வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். காலுக்குப் போடும் பருத்தி அல்லது கம்பளி உறைகள் வெவ்வேறு தடிமனில் கிடைக்கின்றன. காலையில் ஒன்று போட்டு, மாலையில் தளர்ந்ததும் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லித்தரப்படுவதுதான், ஆனால் ஊருக்கு வந்ததும் பலர் விட்டுவிடுவார்கள். நாலைந்து உறை போட்டும் கால் உள்ளே ஆடுகிறது என்றால் உறைகளால் சமாளிக்கும் கட்டம் முடிந்துவிட்டது. புதிய சாக்கெட் வேண்டும். இதில் யார்மீதும் குற்றமில்லை. முதல் சாக்கெட் நிரந்தரமாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இன்னொரு காரணம் நம் வீடுகளுக்கே உரியது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். செயற்கைப் பாதத்தை, அவர் அணியும் ஷூவின் குதிகால் உயரத்துக்கு ஏற்பச் சாய்வு வைத்துப் பொருத்துவார்கள். பயிற்சிக் கூடத்தில் ஷூவோடு நடந்தார். ஊரில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குள் நடக்கிறார். குதிகாலுக்குக் கீழே இருந்த அந்த உயரம் போய்விட்டதால் உடல் பின்னால் சாயும், முழங்கால் பின்பக்கமாகத் தள்ளப்படும், சமதளத்தில் நடந்தாலும் மேட்டில் ஏறுவது போலிருக்கும். அவர் அதைத் தன் பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென்று அதே குதிகால் உயரமுள்ள ஒரு ஜோடி காலணியைத் தனியே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அன்றே குறையும். வீட்டுக்குள் காலணியா என்று பெரியவர்கள் முகம் சுளித்தால், அது அவருடைய காலின் ஒரு பகுதி என்று நீங்கள் சொல்லிவிடுங்கள்.

வேலூர் வெயிலில் வியர்வை பெரிய எதிரி. உள்ளே அணியும் சிலிக்கான் லைனரைத் தினமும் இரவில் மென்மையான சோப்பால் கழுவி, சோப்பு துளியும் தங்காமல் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். பகலில் ஒருமுறை கழற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு மீண்டும் மாட்டச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது. எண்ணெயெல்லாம் இரவில் கழற்றிய பிறகுதான். ஓர் ஆண்டாக நாற்காலியிலும் கட்டிலிலும் முழங்காலை மடக்கியே வைத்திருந்தால் மூட்டு முழுதாக நீளாமல் இறுகிப்போயிருக்கலாம். அதற்கு இன்றிலிருந்தே செய்யக்கூடியது, காலுக்கடியில் தலையணை வைப்பதை நிறுத்துவதும், தினமும் சிறிது நேரம் குப்புறப் படுப்பதும்தான். வெடிவிபத்தில் வெட்டுண்ட கால்களில் மட்டும் அதிகமாகக் காணப்படும் ஒரு சிக்கலையும் மருத்துவரிடம் குறிப்பிட்டுக் கேளுங்கள்: தசைக்குள் தேவையில்லாத இடத்தில் எலும்பு வளர்ந்துவிடும். எக்ஸ்ரேயில் அது தெரியும். அறுபட்ட நரம்பின் நுனி முடிச்சாகித் தொட்டாலே சுரீர் என்று மின்சாரம் போல இழுப்பதும் உண்டு. இரண்டுக்கும் வழி இருக்கிறது.

எங்கே போவது என்பதற்கு வருகிறேன். புனேயில் அவர் சிகிச்சை பெற்ற செயற்கை உறுப்பு மையம் 1944 முதல் நம் படைவீரர்களுக்காகவே இயங்கி வருகிறது. பணியிலிருந்து வெளியே வந்துவிட்டதால் அந்தக் கதவு மூடப்பட்டுவிடவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கும் காலைப் பழுதுபார்க்கவும் புதிதாகச் செய்துதரவும் அதே மையம்தான் இருக்கிறது. அவருக்குக் கூச்சம் இருந்தால், கேட்டு வாங்குவது சலுகையை அல்ல, உரிமையை என்று நினைவூட்டுங்கள். அவ்வளவு தூரம் போவதற்கு முன் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்ஸின் வேலூர் பாலிகிளினிக்கில் காட்டிப் பரிந்துரை பெறுங்கள். போரில் காயமுற்றவர்களுக்கு இத்திட்டத்தில் சந்தா கிடையாது. உங்கள் ஊருக்கு அருகிலேயே வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது. விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ் தொடங்கிவைத்த துறை அது. சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமும் இருக்கிறது. எங்கே போனாலும் முதல் கேள்வி சாக்கெட் பற்றியதாக இருக்கட்டும்.

அடுத்தது இரவு. இல்லாத பாதம் எரிகிறது என்று அவர் சொல்வது கற்பனை இல்லை, பிரமை இல்லை, மனநோயும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைப் பார்த்த வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-இல் இதை மாய உறுப்பு என்று பெயரிட்டு எழுதினார். உறுப்பு இழந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. பாதம் போனாலும் மூளையில் பாதத்துக்கு உரிய பகுதி அங்கேயேதான் இருக்கிறது. அது செய்தி வராமல் தவிக்கிறது. இதற்கு எளிய வழியொன்றை 1990-களில் கண்டவர் தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன். நீளமான கண்ணாடி ஒன்றை இரண்டு கால்களுக்கும் நடுவில் நிறுத்தி, எஞ்சிய இடது கால் கண்ணாடிக்குப் பின்னால் மறையும்படியும், வலது காலின் பிம்பம் இடது கால் இருக்க வேண்டிய இடத்தில் தெரியும்படியும் உட்கார வேண்டும். பிம்பத்தைப் பார்த்தபடியே வலது பாதத்தை மெதுவாக மடக்கி, நீட்டி, விரல்களை விரித்து, அதே அசைவை இடது பாதத்திலும் செய்வதாக எண்ண வேண்டும். இறுகிப் பிடித்திருந்த மாயப் பாதம் தளர்வது போன்ற உணர்வு பலருக்கு வருகிறது. அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்த வீரர்களிடம் தினமும் 15 நிமிடம் வீதம் நான்கு வாரம் இதைச் செய்துபார்த்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணாடியைப் பயன்படுத்திய அனைவருக்கும் வலி குறைந்தது. சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் செலவு ஒரு கண்ணாடிதான். முதல் நாளில் சிலருக்குத் தலைசுற்றலோ அழுகையோ வரும்; அப்படியானால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்கலாம். இதோடு நரம்பு வலிக்கென்றே உள்ள மாத்திரைகளை மருத்துவர் எழுதித்தருவார். சாதாரண வலிமாத்திரை இதற்குப் போதாது. செயற்கைக் காலை அணிந்து நடக்கத் தொடங்கியதும் மாயவலி குறைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சாக்கெட்டை முதலில் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

மதுவைப் பற்றி மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. வலியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் பாட்டில் கைக்கு எளிதாக வரும், அதுவும் கேன்டீன் அட்டை வீட்டிலேயே இருக்கும்போது. அவரோடு இதைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். வலிக்கு வழி செய்யாமல் பாட்டிலை மட்டும் ஒளித்து வைத்தால் அது நிற்காது. ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள்: நரம்பு வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும் ஆபத்து உண்டு. எவ்வளவு குடிக்கிறார் என்பதை மருத்துவரிடம் அவரே உள்ளபடி சொல்ல வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவராக இருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவமனை மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

தீபாவளி வெடிச் சத்தத்துக்கு அவர் வெளிறிப்போகிறாரா, வெடித்த அந்தக் கணம் கனவில் திரும்பத் திரும்ப வருகிறதா, உடன் வந்து இறந்தவர்கள் யாரையாவது நினைத்துத் தான் மட்டும் ஏன் பிழைத்தேன் என்கிறாரா என்று கவனியுங்கள். இவை இருந்தால் அது மனத்தின் காயம். அதற்கு மனநல மருத்துவரின் சிகிச்சை தேவை, உறவினர்களின் புத்திமதி அல்ல. இனி இருந்து என்ன பயன் என்ற வகையில் பேசினாலோ, பொருள்களைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. நிலம் வைத்திருக்கும் வீடு என்பதால் இதையும் சொல்கிறேன்: பூச்சிமருந்து டப்பாக்கள் வீட்டில் இருக்க வேண்டாம், இன்றைக்கே வேறோர் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். நீங்களும் உங்களுக்காகவே பேசலாம்.

உங்கள் மாமியாரின் அன்பைப் பற்றிக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. மகன் உயிரோடு திரும்பி வந்ததே போதும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் கையில் கொண்டுபோய்த் தருகிறார். ஆனால் முப்பது பேர் கொண்ட ஒரு பிளாட்டூனில் பொறுப்பு வகித்தவருக்குத் தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொடுத்தால், உன்னால் எதுவும் முடியாது என்று ஒவ்வொரு வேளையும் சொல்வதாகத்தான் அவர் காதில் விழும். மாமியாரிடம் நிறுத்துங்கள் என்று சொல்லாதீர்கள், வேறொன்றைக் கொடுங்கள். குளியலறையில் சுவரோடு சேர்ந்த ஒரு கைப்பிடி, ஆடாத நாற்காலி அல்லது முக்காலி, மேற்கத்திய கழிப்பறை, வழுக்காத தரை ஆகிய நான்கையும் மேஸ்திரியை அழைத்துச் செய்துமுடிக்கும் பொறுப்பை மாமியாரிடமே ஒப்படைத்தால் அவருடைய அக்கறைக்கும் ஒரு வேலை கிடைக்கும். கட்டிலுக்கு அருகே கைக்கு எட்டுகிற இடத்தில் ஊன்றுகோலும் இரவு விளக்கும் இருக்கட்டும். கால் இல்லை என்பது தூக்கக் கலக்கத்தில் மறந்துபோய் எழுந்து விழுபவர்கள் நிறையப் பேர். அப்படி விழுந்து எஞ்சிய காலில் அடிபட்டால் மாதக்கணக்கில் பின்னால் போக வேண்டியிருக்கும்.

உங்கள் மகள் பயப்படுவது காலைப் பார்த்தல்ல. பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் மூடி மறைப்பதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். அப்பா விரும்பும் ஒரு மாலையில் அந்தச் செயற்கைக் காலை நடுக்கூடத்தில் வைத்து, எந்த உறையை எப்படிப் போட வேண்டும், எந்தப் பொத்தானை அழுத்தினால் கழலும் என்று அவளுக்கு அவரே காட்டட்டும். இந்த வயதுக் குழந்தைகள் கேட்கும் கேள்விகள் மிக நேரடியானவை. வலித்ததா, அந்தக் கால் எங்கே போச்சு, மறுபடி முளைக்குமா என்றெல்லாம் கேட்பாள். உண்மையான, சிறிய பதில்கள் போதும். லைனர் உலர்ந்துவிட்டதா என்று பார்ப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு சிறுமியை நான் அறிவேன். அதன் பிறகு அவள் தந்தை ஒரு நாளும் லைனரைக் கழுவத் தவறியதில்லை.

சால்வைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் மரியாதை செய்ததில் தவறில்லை. வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் உண்டு. படைவீரர் என்றால் அங்கே மதிப்பு தானாக வரும். ஆனால் மாலை போட்டவர்களில் எத்தனை பேர் அதற்குப் பிறகு வந்து திண்ணையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினார்கள்? வீரர் என்று ஒருவரை உயரத்தில் தூக்கி வைத்துவிட்டால், வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லாமல் போய்விடுகிறது. அதே காரணத்தால், செயற்கைக் காலோடு மாரத்தான் ஓடுகிறவர்களின் காணொளிகளை இப்போதைக்கு அவருக்கு அனுப்ப வேண்டாம் என்று உறவினர்களிடம் சொல்லிவையுங்கள். 1971 போரில் கண்ணிவெடியில் சிதைந்த காலைத் தன் குக்ரி கத்தியாலேயே வெட்டிக்கொண்டு, பிறகு பட்டாலியனுக்கும் பிரிகேடுக்கும் தலைமை தாங்கிய இயன் கார்டோசோவின் கதை ராணுவத்தில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் கணவருக்கும் தெரிந்திருக்கும். அது அவரை உற்சாகப்படுத்தலாம், குற்ற உணர்விலும் தள்ளலாம். நான் எடுத்துச் சொல்ல விரும்புவது வேறொருவரை. நாகாலாந்தைச் சேர்ந்த ஹொகாடோ செமா 2002-இல் ஜம்மு காஷ்மீரில் கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அவர் குண்டு எறிதல் விளையாட்டைத் தொடங்கியது 2016-இல். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். பதக்கத்தைப் பார்க்காதீர்கள், நடுவில் இருந்த 14 ஆண்டுகளைப் பாருங்கள். அந்த ஆண்டுகளை யாரும் படம் பிடிக்கவில்லை. உங்கள் கணவர் இப்போது அந்த ஆண்டுகளின் முதலாவதில் இருக்கிறார்.

இவரைப் போலவே கால் இழந்து, ஐந்தாறு ஆண்டுகளைக் கடந்து, தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டு வாழும் இன்னொரு முன்னாள் படைவீரரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அதைவிடப் பெரிய மருந்து என்னிடம் இல்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தால் தெரியும். அவருடைய பழைய ரெஜிமென்ட் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவர் வரும்போது நீங்கள் காபி கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுங்கள். இருவரும் மணிக்கணக்கில் சாக்கெட்டையும் சாக்ஸையும் பற்றியே பேசுவார்கள். பேசட்டும்.

பணம், காகிதம் தொடர்பாகக் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். ஓய்வூதிய ஆணையை எடுத்து, அதில் போர்க்காய ஓய்வூதியம் என்று இருக்கிறதா, வெறும் ஊனமுற்றோர் ஓய்வூதியம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். எல்லைக் கோட்டருகே பணியில் கண்ணிவெடியில் பட்ட காயத்துக்கு முதலாவதே பொருந்தும். அது தொகையிலும் கூடுதல். தவறாக இருந்தால் மெடிக்கல் போர்டு அறிக்கையின் நகலோடு அவருடைய பணிப்பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அங்கே தீராவிட்டால் சென்னையில் உள்ள ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் கிளையை அணுகலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையையும் தனியாக எடுத்துவிடுங்கள். ராணுவ மெடிக்கல் போர்டின் சான்றிதழ் ஓய்வூதியத்துக்கு உதவும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழான வேலை ஒதுக்கீடு, பயணச் சலுகை போன்றவற்றுக்கு இந்த அட்டைதான் வேண்டும்.

உங்கள் அண்ணன் நல்லெண்ணத்தோடுதான் கடை போடச் சொல்கிறார். என் கருத்து, வேண்டாம். குறைந்தது இன்னும் ஓர் ஆண்டுக்கு வேண்டாம். வலியோடும் தூக்கமின்றியும் இருக்கும் மனிதரின் பெயரில், அவர் கேட்காத தொழிலில் போடும் பணம் நட்டமானால், காலைப் போலவே அதையும் தன் தலையில் சுமந்துகொள்வார். அந்தத் தொகை வைப்புநிதியில் இருக்கட்டும். அதற்குள் நிலம் இருக்கிறது. கவாத்து மைதானத்துக்குப் பொருத்தமான பாதம் சேற்றுக்கும் வரப்புக்கும் பொருந்தாது. 1968-இல் மருத்துவர் பி.கே.சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், வெறுங்காலோடு நடக்கவும் குந்தி உட்காரவும் சப்பணமிடவும் தண்ணீரில் இறங்கவும் ஏற்றதாகவே வடிவமைக்கப்பட்டது. வெளியே போக ஒன்று, வயலுக்கு ஒன்று என இரண்டு கால் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. மோட்டார் போடவும் மடை திருப்பவும் தினமும் வயல்வரை ஒருமுறை போய்வருவதே முதல் மாதங்களுக்குப் போதுமான வேலை. வண்டி ஓட்ட விரும்பினால், இடது கால் இல்லாதவருக்குக் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் பொருத்தமானது. ஆர்டிஓ அலுவலகத்தில் உரிமத்தில் முறைப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு ஒரு தொழில் கற்க வேண்டும் என்று அவருக்கே தோன்றினால், காயமுற்ற படைவீரர்களுக்கென்றே 1917-இல் தொடங்கப்பட்டு இப்போது புனே கிர்க்கியில் இயங்கும் குயின் மேரிஸ் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. எது என்றாலும் முடிவு அவருடையதாக இருக்கட்டும். நீங்கள் வழிகளை மட்டும் முன்னால் வையுங்கள்.

உங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஓர் ஆண்டாக நீங்களும்தான் தூங்கவில்லை. படுக்கையில் அவர் ஒதுங்கிப்போகிறார் என்றால், அது உங்கள்மீதுள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் காலை நீங்கள் பார்ப்பதையும் தொடுவதையும் அவர் அஞ்சுகிறார் என்பதே பெரும்பாலும் காரணம். அவர் சம்மதத்தோடு, எஞ்சிய காலுக்கு இரவில் எண்ணெய் தடவிவிடும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டால் அந்த அச்சம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும்.

இன்று மாலை அவரிடம் ஏன் காலைப் போடுவதில்லை என்று கேட்காதீர்கள். போட்டால் எந்த இடத்தில் வலிக்கிறது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பதிலோடு இந்த வாரமே பாலிகிளினிக்குக்குக் கிளம்புங்கள். செயற்கைக் கால், எல்லா உறைகளும், லைனர், வீட்டில் அணியும் செருப்பு, வெளியே அணியும் ஷூ, நீங்கள் எடுத்த படங்கள், புனேயில் கொடுத்த டிஸ்சார்ஜ் அறிக்கை, அவர் இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். அரைக்கால் சட்டை அணிந்து போவது நல்லது. மருத்துவர் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். சாக்கெட் மாற்ற வேண்டும் என்று சொன்னால் புனேக்கான பரிந்துரைக் கடிதத்தை அன்றே எழுதி வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.